பிரேசர் ஆற்றில் ஸ்டர்ஜன் தேடிப் போனோம்

வன்கூவருக்கு வந்து போகும் எங்கள் ஆட்கள் பலர் பிரேசர் ஆற்றைப் பாலத்தின் மேலிருந்து, கார் ஓடும்போதே பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கீழே கலங்கல் தண்ணீர், கரையோரம் கட்டிப் போட்ட மரக்கட்டைகள், எப்போதாவது ஓர் இழுவைப் படகு. அவ்வளவுதான் கண்ணில் படும். அந்தக் கலங்கலுக்கு அடியில் ஆள் உயரத்தையும் தாண்டிய மீன்கள் திரிகின்றன. மனமிருந்தால் குடும்பத்தோடு படகில் போய் அந்த மீனைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரலாம். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், ஆறுதலாக வாசியுங்கள்.

மீனின் பெயர் வெள்ளை ஸ்டர்ஜன். வட அமெரிக்காவின் நன்னீர் மீன்களில் இதுதான் ஆகப் பெரியது. 6 மீற்றர் நீளமும் 600 கிலோவுக்கு மேல் எடையும் கொண்டவை அந்தக் காலத்தில் பிடிபட்டதாகப் பதிவுகள் உண்டு. 100 வயதைத் தாண்டியும் வாழக்கூடிய இனம். ஆனால் பிடித்தால் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும், அதுதான் சட்டம்.

"அப்ப என்னத்துக்குப் பிடிக்கிறது?" என்று மாமா கேட்டார். அன்று முழுக்க அந்தக் கேள்வி எங்களோடு படகில் இருந்தது. எனக்குக் கிடைத்த பதிலையும் இதில் எழுதுகிறேன்.

படகில் யார் யார்

தாங்ஸ்கிவிங் விடுமுறைக்கு நாங்கள் ரொறன்ரோவிலிருந்து சர்ரேயில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தோம். மச்சான் ஏற்கெனவே படகை ஒழுங்கு செய்து வைத்திருந்தார். நானும் மனைவியும், தங்கச்சியும் மச்சானும், அவர்களின் பதினொரு வயது மகள், மச்சானோடு வேலை செய்யும் ஒரு பஞ்சாபி நண்பர், அவருடைய மகன், பிறகு மச்சானின் அப்பா. அவரைத்தான் நான் மாமா என்று எழுதுகிறேன்.

மாமா மயிலிட்டிக்காரர். பத்து வயதிலேயே தகப்பனோடு வள்ளத்தில் ஏறித் தொழிலுக்குப் போனவர். 1990இல் ஊர் முழுக்க இடம்பெயர்ந்தபோது அவரும் வெளிக்கிட்டவர். மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் திரும்பிக் கொடுக்கப்பட்டது 2017இல்தான். அதற்குள் மாமா கனடா வந்து, பேரப்பிள்ளையும் கண்டுவிட்டார். இங்கே மீன் என்றால் அவருக்குக் கடையில் ஐஸ் மேல் கிடப்பதுதான். அவரைத் திரும்பவும் ஒரு படகில் ஏற்ற வேண்டும் என்பது மச்சானின் நெடுநாள் ஆசை.

விடிய வெள்ளனவே வெளிக்கிட்டோம். முதலாம் இலக்க நெடுஞ்சாலையில் கிழக்கே ஒரு மணித்தியால ஓட்டம். அபொட்ஸ்போர்டைத் தாண்டியதும் இரு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான விவசாய நிலம் வரும். சுமாஸ் சமவெளி. நூறு வருடங்களுக்கு முன் அது ஓர் ஏரி. 1924 அளவில் கால்வாய் வெட்டி, பம்ப் வைத்து இறைத்து, ஏரியைக் காயவைத்து நிலமாக்கினார்கள். அந்த ஏரியை நம்பி வாழ்ந்த சுமாஸ் பழங்குடி மக்கள் மீனையும் இழந்தார்கள், தண்ணீரையும் இழந்தார்கள். நீர் வற்றிய சேற்றில் ஸ்டர்ஜன்கள் அகப்பட்டுக் கிடந்த கதைகளை அந்தப் பகுதி ஆட்கள் இன்றும் சொல்கிறார்கள். 2021 நவம்பரில் பெருமழை பெய்து அணைக்கரை உடைந்தபோது ஏரி இருந்த இடம் திரும்பவும் ஏரியாகிப் போனது. நாங்கள் கார் ஓட்டிய அதே நெடுஞ்சாலை அப்போது தண்ணீருக்குள் கிடந்தது. மருமகளுக்கு அந்தச் செய்தி ஞாபகம் இருந்தது. "அப்ப இந்த ரோட்டுக்குக் கீழையும் ஸ்டர்ஜன் இருந்ததோ?" என்று கேட்டாள். இருந்தது.

ஆற்றில் இறங்கினோம்

சில்லிவாக்கில் ஐலண்ட் 22 என்றொரு பூங்கா; அங்கேதான் படகுத்துறை. ஆற்றின் மேல் வெண்புகையாகப் பனிமூட்டம். கிழக்கே சீயாம் மலையின் உச்சியில் புதுப் பனி விழுந்திருந்தது. கரையோர மரங்களெல்லாம் மஞ்சளாகியிருந்தன. வழிகாட்டி ஒரு இளம் பெண். சில்லிவாக்கிலேயே பிறந்து வளர்ந்தவள். அலுமினியத்தில் செய்த ஜெட் படகு. அடியில் சுழலும் விசிறி இல்லாததால், முழங்காலளவு தண்ணீரிலும் கல் தட்டாமல் ஓடும். பிரேசரின் இந்தப் பகுதிக்கு அப்படிப்பட்ட படகுதான் சரி. ஹோப் நகரத்திலிருந்து மிஷன் வரை ஆறு பல கிளைகளாகப் பிரிந்து, கூழாங்கல் திட்டுகளைச் சுற்றி ஓடுகிறது. வெள்ளம் வரும் ஒவ்வொரு வருடமும் திட்டுகள் இடம் மாறும். இந்தக் கிளைகளிலும் கூழாங்கற்களுக்கு நடுவிலும்தான் ஸ்டர்ஜன் கோடை தொடங்கும்போது முட்டையிடுகிறது.

றொக்கி மலைத்தொடரில் பிறந்து கடலில் சேரும்வரை 1,375 கிலோமீற்றர் ஓடும் இந்த ஆற்றின் பிரதான ஓட்டத்தில் ஓர் அணை கூடக் கிடையாது. இந்த ஆற்றில் இவ்வளவு மீன் மிஞ்சியிருப்பதற்கு அது ஒரு பெரிய காரணம். கொலம்பியா ஆற்றில் அணைக்கு மேல் அணை கட்டி, ஸ்டர்ஜன்களைத் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டார்கள்.

ஆற்றின் ஆழமான மடு ஒன்றின் மேல்பக்கமாகப் போய் நங்கூரம் போட்டாள். நங்கூரக் கயிற்றில் பெரிய மிதவை ஒன்று கட்டியிருந்தது. ஏன் என்று மாமா சைகையால் கேட்டார். பெரிய மீன் கொத்தி ஓடினால் நங்கூரத்தைத் தூக்க நேரம் கிடையாது. கயிற்றை மிதவையோடு கழற்றி விட்டுவிட்டு மீனுக்குப் பின்னால் போக வேண்டும், பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அவள் சொன்னதை மச்சான் மொழிபெயர்த்தார். மாமா தலையாட்டினார். அதற்குப் பிறகு அவள் செய்த ஒவ்வொரு வேலையையும் பக்கத்தில் நின்று பார்த்தார்.

இரை, சால்மன் முட்டை. நைலோன் காலுறைத் துணியில் ஒரு பிடி முட்டையை வைத்து, மெல்லிய இழுநூலால் சுற்றிச் சுற்றிப் பந்தாக்கிக் கொக்கியில் கோத்தாள். முட்டைகள் உடைந்து செம்மஞ்சள் சாறு அவள் விரல்களில் வழிந்தது. இலையுதிர் காலத்தில் சால்மன்கள் முட்டையிட ஆறு ஏறி வந்து, முட்டையிட்டதும் செத்துப் போகும். செத்த மீனும் சிதறிய முட்டையும் அடியில் உருண்டு வரும். ஸ்டர்ஜன் அதைத் தின்றுதான் குளிர்காலத்துக்குக் கொழுக்கிறது. வசந்தகாலத்தில் ஊலிகன் என்ற சிறு மீன் கடலிலிருந்து ஏறி வரும். அப்போது அதுதான் இரை. ஆற்றில் எது வருகிறதோ அதைக் கொடுக்க வேண்டும்.

கொக்கியில் எதிர்முள் கிடையாது. இருந்தால் சட்டப்படி குற்றம். எதிர்முள் இல்லாத கொக்கியை மீனின் வாயிலிருந்து காயமில்லாமல் சட்டென்று கழற்றலாம். ஆனால் கயிறு கொஞ்சம் தளர்ந்தாலும் மீன் கழன்றுவிடும். கயிறு 130 இறாத்தல் தாங்கும் பின்னல் கயிறு. எங்களூர் தங்கூசியையே பிடித்துப் பழகிய மாமா அதை விரலில் சுற்றிப் பார்த்தார். "இது கப்பல் கட்டுற கயிறு" என்றார். இவ்வளவு தடித்த கயிறு எடுப்பதும் மீனின் நன்மைக்குத்தான். மெல்லிய கயிறென்றால் மீனோடு மணிக்கணக்காக மல்லுக்கட்ட வேண்டும். அதற்குள் மீன் களைத்துச் செத்தே போகலாம்.

காத்திருந்த நேரம்

நாலு தூண்டில்கள் படகின் பின்பக்கத் தாங்கிகளில் நின்றன. ஓரிடத்தில் அரை மணித்தியாலம் பார்ப்பது, கொத்தாவிட்டால் அடுத்த மடுவுக்கு மாறுவது. பிள்ளைகள் தூண்டில் நுனியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. தங்கச்சி பிளாஸ்கைத் திறந்து எல்லாருக்கும் இஞ்சித் தேத்தண்ணி ஊற்றினாள். ஆட்டிறைச்சி ரோல்ஸ், மீன் கட்லட், நண்பர் கொண்டுவந்த உருளைக்கிழங்குப் பராத்தா, அதோடு மாங்காய் ஊறுகாய். வழிகாட்டிப் பெண் இரண்டு கட்லட்டை விரும்பிச் சாப்பிட்டாள். ஒரு கடல்நாய் சால்மனைத் துரத்திக்கொண்டு அவ்வளவு தூரம் ஆறு ஏறி வந்திருந்தது. தலையை நீட்டி எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

அந்த நேரத்தில்தான் அவள் இந்த மீனின் கதையைச் சொன்னாள். பிறகு நானும் தேடி வாசித்தேன்.

ஸ்டோலோ பழங்குடி மக்கள் ஆயிரக்கணக்கான வருடங்களாக இந்த ஆற்றில் ஸ்டர்ஜன் பிடித்துச் சாப்பிட்டு வந்தவர்கள். மீன் குறையவில்லை. 1880களில் கனடிய பசிபிக் ரயில் மேற்குக் கரைக்கு வந்தது. பிடித்த மீனை ஐஸ் போட்டுக் கிழக்கே அனுப்பலாம் என்றானது. முட்டைக்கும் இறைச்சிக்குமாக அடித்துப் பிடித்தார்கள். 1897இல் மட்டும் ஏறத்தாழ 500 தொன் பிடித்திருக்கிறார்கள். அதுதான் உச்சம். அடுத்த சில வருடங்களிலேயே அந்தத் தொழில் படுத்துவிட்டது, ஏனென்றால் பிடிக்க மீன் மிஞ்சவில்லை.

ஒரு தலைமுறையில் அழித்ததை அடுத்த தலைமுறையில் மீட்க முடியாததற்குக் காரணம் இந்த மீனின் உடம்பிலேயே இருக்கிறது. பெண்மீன் முதல் முட்டையிட 20 வருடங்கள் போல ஆகும். சிலதுக்கு அதற்கும் மேல். அதன் பிறகும் வருடா வருடம் இடாது. இடையில் பல வருட இடைவெளி விடும். ஒரே தடவையில் லட்சக்கணக்கில் இட்டாலும் பிழைப்பது சொற்பம். ஆக, ஒரு பெரிய பெண்மீனைக் கொல்வது இன்னும் பல பத்து வருடங்களுக்கான முட்டையைக் கொல்வதற்குச் சமம்.

1993, 94இல் கீழ் பிரேசரில் 30க்கு மேற்பட்ட பெரிய ஸ்டர்ஜன்கள் அடுத்தடுத்துச் செத்து மிதந்தன. அதோடுதான் ஊர் விழித்தது. 1994 முதல் பிடித்த மீனை வைத்திருக்கத் தடை வந்தது. ஸ்டோலோ மக்கள் தங்கள் உரிமையான உணவு மீன்பிடியையும் தாங்களாகவே நிறுத்தி வைத்தார்கள். இந்த மீனை அழித்தவர்கள் அவர்கள் அல்ல. ஆனால் அதைக் காப்பாற்ற முதலில் விட்டுக்கொடுத்தவர்களில் அவர்களும் இருக்கிறார்கள். அதை நான் மிகுந்த மரியாதையோடு எழுதுகிறேன்.

1997இல் பிரேசர் ஆற்று ஸ்டர்ஜன் பாதுகாப்புச் சங்கம் உருவானது. சக்கர நாற்காலியில் உலகைச் சுற்றிவந்த ரிக் ஹான்சன் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். தூண்டில் போடுவதில் பெரிய பிரியம் உள்ளவர். 2000ஆம் ஆண்டு முதல் அந்தச் சங்கம் ஒரு வேலை செய்கிறது: ஆற்றில் தூண்டில் போடும் வழிகாட்டிகளுக்கும் தொண்டர்களுக்கும் பயிற்சி கொடுத்து, பிடிபடும் ஒவ்வொரு மீனையும் அளந்து பதிய வைக்கிறது. அது எப்படி நடக்கிறது என்று அடுத்து எங்கள் கண்ணாலேயே பார்த்தோம்.

மருமகளின் மீன்

மூன்றாவதாக மாறிய மடுவில் ஒரு தூண்டில் நுனி இரண்டு தடவை மெல்ல ஆடியது. ஏதோ பொடிமீன் இரையை உரசுகிறது என்று நினைத்தேன். வழிகாட்டி கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினாள். இவ்வளவு பெரிய மீன் அவ்வளவு நாசூக்காகத்தான் சாப்பிடுமாம். நுனி மூன்றாம் தடவை குனிந்து நின்றதும் மருமகளின் கையில் தூண்டிலைக் கொடுத்தாள். பிள்ளை இழுத்தாள். சிறிய மீன்தான், மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு. கொஞ்ச நேரத்திலேயே படகோரம் வந்துவிட்டது.

சிறிய மீனென்றால் படகோடு பூட்டிய ஒரு துணித் தொட்டிலில், தண்ணீர் ஊற்றி, அதற்குள் கிடத்தலாம். ஒன்றரை மீற்றருக்கு மேலென்றால் தண்ணீரை விட்டு வெளியே எடுக்கவே கூடாது. அவ்வளவு எடையைத் தண்ணீருக்கு வெளியே தாங்கும் எலும்புக்கூடு அதற்கு இல்லை. உள்ளே இருப்பது பெரும்பாலும் குருத்தெலும்பு.

தொட்டிலைச் சுற்றி எல்லாரும் குனிந்து நின்றோம். சாம்பல் நிறம், வயிறு வெள்ளை. செதிலே இல்லை. அதற்குப் பதிலாக முதுகில் ஒரு வரிசை, இரு பக்கமும் இரண்டிரண்டு வரிசை என ஐந்து வரிசையில் எலும்புத் தகடுகள். சின்ன மீனில் அந்தத் தகடுகளின் முனை கையைக் கிழிக்கும் அளவுக்குக் கூர். வயதாக ஆகத் தேய்ந்து மழுங்கிவிடும். மூக்குக்குக் கீழே நாலு மீசைகள். கண் மிகச் சிறியது. கலங்கல் தண்ணீரில் அதனால் பெரிய பிரயோசனம் இல்லை. மீசையால் தடவியும், மூக்கின் அடிப்பக்கத்தில் இருக்கும் நுண்குழிகளால் மற்ற உயிர்களின் மெல்லிய மின்சாரத்தை உணர்ந்தும்தான் இரை தேடுகிறது. வாயில் பல் கிடையாது. தலைக்கு அடியில் இருக்கும் வாய் ஒரு குழாயாக வெளியே நீண்டு, இரையை உறிஞ்சிவிட்டு உள்ளே போய்விடும்.

மாமா தன் பெருவிரலால் அதன் முதுகைத் தடவிப் பார்த்தார். "வால் சுறாவின்ரை. மீசை கெளிற்றின்ரை. ஆனால் இது இரண்டுமில்லை" என்றார். அவர் சொன்னது சரி. ஸ்டர்ஜனின் வம்சம் டைனோசர் காலத்திலிருந்து பெரிதாக மாறாமல் வருகிறது.

வழிகாட்டி கையடக்கமான ஒரு கருவியைத் தலைக்குப் பின்னால் பிடித்து மெல்ல நகர்த்தினாள். சத்தம் வரவில்லை. அப்படியென்றால் இந்த மீனை இதற்கு முன் யாரும் குறியிடவில்லை. ஊசிபோன்ற கருவியால் தோலுக்கடியில் ஒரு கண்ணாடிக் குறி செலுத்தினாள். நீளம் ஒரு சென்ரிமீற்றர் சொச்சம். உள்ளே பற்றரி இல்லை. வாசிக்கும் கருவியின் அலை பட்டால் மட்டும் உயிர் பெற்றுத் தன் எண்ணைச் சொல்லும். அதனால் மீன் உள்ளளவும் வேலை செய்யும். பிறகு மூக்கிலிருந்து வாலின் பிளவு வரை நீளம், உடம்பின் சுற்றளவு, பிடித்த இடம் எல்லாவற்றையும் குறித்தாள். எண்ணை வாசித்தவள் மருமகள். எழுதியவன் நண்பரின் மகன். மருமகள் இரண்டு கையாலும் தொட்டிலைச் சரித்தாள். மீன் வாலை ஒரு தரம் அடித்துவிட்டு இறங்கிப் போனது.

பெரிய மீன்

மத்தியானம் தாண்டி, பனிமூட்டம் முழுக்க விலகிய பிறகு அது கொத்தியது. மாமாவின் முறை. தூண்டில் வளைந்த வேகத்தைப் பார்த்தே வழிகாட்டி நங்கூரக் கயிற்றைக் கழற்றிவிட்டாள். படகு ஆற்றோடு போகத் தொடங்கியது. மாமா இடுப்புப் பட்டியில் தூண்டிலின் அடியை ஊன்றிக்கொண்டு, ஒரு கையைத் தூக்கிக் கயிற்றின் மேல் விரலை வைத்தார். சுழலியைச் சுற்றுவதைவிட விரலால் கயிற்றைக் கேட்பதுதான் அவருக்குப் பழக்கம். "இப்ப திரும்புது… இப்ப இறங்குது" என்று சொல்லிக்கொண்டே நின்றார். அவர் சொல்லி ஒரு கணம் கழித்துத்தான் எங்களுக்குக் கயிறு திரும்புவது தெரிந்தது.

படகிலிருந்து எறிகல் தூரத்தில் தண்ணீர் பிளந்தது. முழு மீனும் மேலே வந்தது. தலை, தகடுகள், வெள்ளை வயிறு, வால் என்று முழுதாக. பக்கவாட்டில் விழுந்தபோது எழுந்த சத்தம் அக்கரை வரை கேட்டிருக்கும். யாரும் கமராவை எடுக்கவில்லை. மருமகள் "அப்பப்பா! அப்பப்பா!" என்று கத்தினாள். மாமா முழங்காலை மடக்கி நின்று, "கயிற்றை இறுக்கிப் பிடி, தளர விடக்கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எழுபதைத் தாண்டிய உடம்பு. கொஞ்ச நேரத்தில் மச்சான் மாற்றி வாங்கினார், பிறகு நண்பர், பிறகு நான். என் தோளும் முதுகும் எரிந்தன. கடைசியில் திரும்பவும் மாமாவின் கைக்கே போனது. ஒரு கூழாங்கல் திட்டின் ஓரமாகப் படகை ஒதுக்கி, எல்லாரும் முழங்காலளவு தண்ணீரில் இறங்கினோம். நீர்புகாக் காற்சட்டைக்கு மேலாலும் குளிர் எலும்பில் தைத்தது. மீன் எங்கள் நடுவில் கிடந்தது. 7 அடிக்குக் கொஞ்சம் கூட. தலையைத் தண்ணீர் வரும் திசைக்குத் திருப்பி வைத்திருக்க வேண்டும்; செவுளுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பை மாமா எடுத்துக்கொண்டார். ஒரு கை தாடைக்கடியில், ஒரு கை வயிற்றின் கீழ்.

கருவி சத்தம் போட்டது. ஏற்கெனவே குறியிட்ட மீன்.

அடுத்த கிழமை வழிகாட்டி மச்சானுக்கு அந்த எண்ணின் கதையை அனுப்பினாள். அந்த மீனை முதலில் குறியிட்டது 2009இல், மிஷன் பாலத்துக்குக் கீழே. அப்போது அது ஒன்றரை மீற்றருக்குச் சற்று மேல். இடையில் வேறு சிலரும் பிடித்து, அளந்து, விட்டிருக்கிறார்கள். எங்களுக்கு முன் அந்த மீனைத் தாங்கிப் பிடித்த கைகளெல்லாம் அதைக் கவனமாக விட்டதால்தான் அது மாமாவின் கைக்கு வந்தது.

இந்த எண்கள் வெறும் கதைக்கு இல்லை. ஆற்றில் மீன்களை எண்ண வேறு வழி கிடையாது, கலங்கல் தண்ணீர். குறியிட்டவற்றில் எத்தனை திரும்பப் பிடிபடுகின்றன, குறியில்லாதவை எத்தனை என்ற விகிதத்தை வைத்துத்தான் மொத்தம் எவ்வளவு என்று மதிப்பிடுகிறார்கள். கீழ் பிரேசரில் சிறு மீன்கள் குறைந்து வருகின்றன என்ற கவலையான செய்தியும் இந்தக் கணக்கிலிருந்துதான் தெரிய வந்தது. பெரிய மீன்களைப் பார்த்து ஆறு நன்றாயிருக்கிறது என்று நம்பிவிடலாம். குஞ்சுகள் வளர்ந்து மேலே வராவிட்டால் அந்தப் பெரியவை போனபின் எதுவும் இராது.

அப்படி நடந்த இடம் தூரத்தில் இல்லை. பிரேசரின் கிளையாறான நெசாக்கோவில், 1950களில் அலுமினிய ஆலைக்கு மின்சாரம் எடுக்கக் கென்னி அணையைக் கட்டி, தண்ணீரில் பெரும் பங்கை மலைக்கு அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். ஆற்றின் போக்கு மாறியது. முட்டையிடும் கூழாங்கற்களை மண் மூடியது. 1960களின் பிற்பகுதிக்குப் பிறகு அங்கே இயற்கையாகக் குஞ்சுகள் தேறுவதே அருகிவிட்டது. கிழட்டு மீன்கள் மட்டும் இருந்தன. 2006இல் அவற்றை அழியும் ஆபத்திலுள்ளவை என்று கனடா சட்டப்படி அறிவித்தது. 2014இல் வாண்டர்ஹூஃப் என்ற ஊரில் ஒரு பொரிப்பகம் திறந்து, குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விடுகிறார்கள். உலகத்திலும் இதே நிலைமைதான். மிஞ்சியிருக்கும் 26 ஸ்டர்ஜன் இனங்களும் அழியும் அபாயத்தில் இருப்பதாக 2022இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது.

மாமாவின் கேள்விக்குப் பதில்

திட்டின் மேல் ஈரக் காற்சட்டையோடு குந்தியிருந்து தேத்தண்ணி குடித்தபோது மாமாவே அந்தக் கதையை எடுத்தார். "மீனை நோகப்பண்ணிப்போட்டு விடுறது எனக்கு முதல்லை பிடிக்கேல்லை, தம்பி. சாப்பிடுறதெண்டால் பிடி. இல்லையெண்டால் விட்டிடு. அப்பிடித்தான் நாங்கள்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "ஆனால் முட்டையோடை சிங்க இறால் ஏறினால் எங்கடை ஐயா திருப்பிப் போடச் சொல்லுவார். காசு போகுதே எண்டு நான் அழுதிருக்கிறன். இந்தப் பெட்டை செய்யிறது அதுதான். எண்ணிப்போட்டு விடுறதெண்டால் சரி."

நானும் அதைத்தான் நம்புகிறேன். மீனை வெறும் படத்துக்காகப் பிடிப்பது எனக்கு உவப்பில்லை. அதற்கு வலிக்கும், களைக்கும். அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. ஆனால் ஆற்றில் யாருமே இறங்காமல் இருந்தால் அங்கே என்ன குறைகிறது என்று சொல்ல ஆள் இருக்காது. இந்த ஆற்றில் பிடிப்பவர்களே கணக்காளர்கள். அளவு எடுத்து, எண்ணைப் பதிந்து, நல்லபடியாக விட்டால், நாங்கள் அந்த மீனிடமிருந்து எடுத்த ஒரு மணித்தியாலத்துக்கு ஏதோ திருப்பிக் கொடுத்தவர்களாவோம். அதைச் செய்யாமல் பிடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

போக நினைப்பவர்களுக்கு

படகு ஒழுங்கு செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள். குறி வாசிக்கும் கருவி இருக்கிறதா? சங்கத்தின் கணக்கெடுப்பில் சேர்ந்தவர்களா? பெரிய மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துத்தான் படம் எடுப்பார்களா? மூன்றுக்கும் ஆம் என்று சொல்பவரோடு போங்கள். மீனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள்.

உரிமம் இரண்டு தேவை: மாகாணத்தின் மீன்பிடி உரிமம், அதோடு ஸ்டர்ஜனுக்கென்று தனியான பாதுகாப்பு உரிமம். இணையத்தில் எடுக்கலாம். மிஷன் ரயில் பாலத்துக்குக் கீழே ஆறு கடல் ஏற்றவற்றத்துக்கு உட்பட்டது. அங்கே சமஷ்டி அரசின் விதிகள். எந்தப் பகுதிக்குப் போகிறீர்கள் என்று கேட்டு எடுங்கள்.

செப்ரெம்பர் முடிவும் ஒக்டோபரும் நல்ல காலம். சால்மன் ஓடும், தண்ணீர் குளிர்ந்திருக்கும். கோடையில் தண்ணீர் சூடாகும் நாட்களில் மீன் சீக்கிரம் களைத்துவிடும். அந்த நாட்களைத் தவிர்ப்பது மீனுக்கு நீங்கள் செய்யும் உதவி. தடித்த உடுப்பு இரண்டு அடுக்கு, மாற்றுக் காலுறை, பிள்ளைகளுக்குத் தொப்பி. சாப்பாடு கூடவே கொண்டு போங்கள். ஆற்றுக் காற்றில் பசி இரட்டிப்பாகும். முக்கியமாக, வீட்டில் கடல் தெரிந்த மூத்தவர் யாரும் இருந்தால் அவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். எங்கள் படகில் ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவர் மாமா; ஆனால் மீன் என்ன செய்கிறது என்று முதலில் சொன்னவரும் அவர்தான்.

வீடு திரும்பும்போது மருமகள் காரில் ஒரு கணக்குப் போட்டாள். இந்த வருடம் பொரித்த ஒரு பெண்குஞ்சு முதல் முட்டையிடும்போது அவளுக்கு முப்பது வயதைத் தாண்டியிருக்கும். அவள் குறியிட்ட அந்தச் சின்ன மீனும் அப்போது இந்த ஆற்றில் எங்காவது இருக்கலாம். அதுவரை கூழாங்கல் திட்டுகளை அள்ளாமல், வலையில் சிக்கியதைக் கொல்லாமல், ஆற்றில் அணை போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் இங்கே வாழும் எல்லாரும்தான். அதில் நாங்களும் அடக்கம். இந்த நாட்டுக்கு வந்து பல வருடமாகிவிட்டது. அதன் சாலைகளைத் தெரிந்த அளவுக்கு அதன் ஆறுகளையும் தெரிந்துகொள்வோம். இந்த இலையுதிர் காலத்தில் ஒரு நாள் ஒதுக்கி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பிரேசருக்குப் போய் வாருங்கள்.